சுஹறாவின் கடனும் ஜவுபரின் காரும்

நிந்தவூர் சுஹறா கல்யாணம் முடித்து இரண்டாம் வருடம், எழுபத்தொன்பதில், மாப்பிள்ளை ஜவுபர் வாடகைக்கு ஹயர் ஓட்ட ஒரு பழைய மொரிஸ் ஒக்ஸ்போர்ட் கார் வாங்கினார். காரின் பதிவுப் புத்தகத்தில் அவருடைய பெயர். கடன் பத்திரத்தில் சுஹறாவின் பெயர். ஈடாக, சீதனமாக வந்த சவளக்கடை வயலின் உறுதிப் பத்திரத்தைக் கல்முனையில் இருந்த கடன் கம்பனி வாங்கி வைத்துக்கொண்டது. முப்பத்தாறு தவணை. கையெழுத்து வைக்கும்போது அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

ஜவுபருக்கு அக்கரைப்பற்றுப் பக்கம்தான் ஹயர் அதிகம். கிழமையில் மூன்று நாள் அங்கேயே தங்கிவிடுவார். ஒன்றரை வருடம் கழித்து, அந்த ஹயருக்கு நதீரா என்று பெயர் இருப்பதும் நிக்காஹ் முடிந்து ஆறு மாதமானதும் தெரிய வந்தது. சுஹறா ஆணியில் தொங்கிய கார்த் திறப்புச் சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, மணமுறிவை விசாரிக்கும் காதியாரிடம் போகலாம் என்று தன் அண்ணன் றஸாக் காக்காவைக் கூப்பிட்டாள்.

தலாக் முடிந்தது. ஜவுபர் ஒரு சூட்கேஸோடு வெளியேறினார். கார் அவளுடைய வீட்டு வளவிலேயே நின்றது.

"மஹர், இத்தாச் செலவு, மாப்பிளைக்குக் குடுத்த கைக்கூலி, இதெல்லாம் நான் தீர்ப்பன். கார்ட கதை எண்ட கிதாபுல இல்ல" என்றார் காதியார்.

சுஹறா வெளியே போகாமல் மூன்று மாத இத்தாவில் இருந்ததால் றஸாக்தான் கம்பனிக்குப் போனார். அங்கிருந்த கிளாக்கர் பேனையைக்கூட மூடவில்லை.

"எங்களுக்கு நிக்காஹும் தெரியா, தலாக்கும் தெரியா. மாசம் அஞ்சாந்திகதிதான் தெரியும். கடன் முடியிற வரைக்கும் கார் கம்பனிட. காசு வரல்லயெண்டா காரையும் எடுப்பம், வயலையும் எடுப்பம்."

இன்னும் பதினேழு தவணை இருந்தது. சுஹறா இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள், ஜவுபரிடம் சொல்லும்படி காக்காவிடம் சொல்லி அனுப்பினாள்: கார் இரவில் என் வளவில் நிற்கும். சுபஹுத் தொழுகைக்குப் பிறகு திறப்பை வாங்கி ஓட்டலாம். பின்னேரம் தவணைக்குரிய பங்கைக் கொடுத்துவிட்டுத் திறப்பையும் தர வேண்டும். கடன் முடிந்தால் கார் அவருக்கு. விருப்பமில்லையென்றால் கம்பனிக்காரர்களே வந்து இழுத்துக்கொண்டு போகட்டும்.

ஜவுபருக்கு ஓட்டத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான். சம்மதித்தார்.

புருஷனாக இருந்தபோது மாதத்தில் பாதி நாள் காணக் கிடைக்காத மனுசன், விட்ட பிறகு ஒரு நாள் தவறாமல் வந்தார். விடியச் சாமம் அக்கரைப்பற்றிலிருந்து முதல் பஸ்ஸில் வருவார். பொழுதுபட்டால் கடைசி பஸ்ஸில் போவார். வாசல் படலைக்கு வெளியே நின்று இருமுவார். றஸாக் திறப்பைக் கொடுப்பார். கதவுக்கு உள்ளேயிருந்து சுஹறா அந்த இருமலைக் கேட்பாள். முதல் மாதம் அதைக் கேட்டதும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். மூன்றாம் மாதம், நேரமாகிவிட்டது என்பதற்கு அது ஓர் அடையாளம், அவ்வளவுதான்.

ஒரு நாள் பகலில் நதீராவே வந்தாள். சின்னப் பெண். வயிற்றில் பிள்ளை. சுஹறா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

"ஒவ்வொரு நாளும் இஞ்சதான் வாறாராம். ஒங்கள விட்டுட்டார் எண்டுதானே என்னட்டச் சொன்ன?"

"ஓம், என்ன விட்டுட்டார். காரை இன்னும் நான் விடல்ல." தவணை கட்டிய கடன் துண்டுகளை எடுத்து அவள் மடியில் வைத்தாள். "பதினொரு மாசம் இரிக்கி. அதுவரைக்கும் பொறுத்துக்கங்க தங்கச்சி."

நதீரா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வீட்டுக்கு அரிசி வாங்கக் காசில்லை என்று அவர் சொன்ன நாட்களும் அதில் இருந்தன. தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமென்று எழுந்தாள். சுஹறா நாலு கொத்து அரிசி கட்டிக் கொடுத்தாள். ஏன் கொடுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

கடைசித் தவணை கட்டிய அன்று கம்பனி விடுதலைக் கடிதத்தையும் வயல் உறுதியையும் கொடுத்தது. கடிதத்தைக் காக்கா படலையில் வைத்து ஜவுபரிடம் நீட்டினார். ஜவுபர் உடனே போகவில்லை.

"மச்சான், திரும்ப நிக்காஹ் எழுதலாம்தானே? நதீராவும் ஓம் எண்டு சொல்லிட்டா."

றஸாக் உள்ளே வந்து அப்படியே சொன்னார். சுஹறா உறுதியில் தன் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடன் முடிஞ்சிட்டு எண்டு சொல்லுங்க காக்கா."

கார் போகும் சத்தம் கேட்டது. அடுத்த நாள் விடிய வழக்கம்போல் அவளுக்கு விழிப்பு வந்தது. இருமல் இல்லை. சிறிது நேரம் படுத்துக் கிடந்தாள். பிறகு எழுந்து தொழுதுவிட்டு, சவளக்கடை வயலுக்குத் தண்ணீர் விட்டுவிட்டார்களா என்று கேட்டுவரக் காக்காவை அனுப்பினாள்.