ஹாரன் அக்காவின் பஸ்

ஒரு கால் பஸ் படியில், ஒரு கால் தரையில். கை கதவுக் கம்பியில். "இருங்க தம்பி, இருங்க! அதோ வர்றாரு பாருங்க, வாயில பிரஷ் ஒண்ணுதான் குறைச்சல்!" என்று உள்ளே டிரைவருக்கு ஒரு குரல். "ஏங்க, நடந்து வர்றீங்களா, நாட்டியம் ஆடி வர்றீங்களா? காலை எட்டிப் போடுங்க!" என்று தெருக்கோடிக்கு ஒரு குரல். செருப்புக் கடை விற்பனையாளர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடிவந்து ஏறினால்தான் அந்த இரண்டாவது கால் தரையை விட்டுக் கிளம்பும். கதவை மூடாமல் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார். கால் உள்ளே வராமல் கதவை மூடவும் முடியாது. இந்த விஷயம் அந்தக் காலுக்கு நன்றாகவே தெரியும்.

பஸ்ஸில் அவருக்குப் பெயர் ஹாரன் அக்கா. அவரைவிட மூத்தவர்களும் அக்கா என்றே கூப்பிடுகிறார்கள். நகரத்துப் பெரிய மருத்துவமனையில் சலவைப் பிரிவில் வேலை. துணி துவைக்கும் ஆள் உயர மெஷின்கள் ஒன்றாக உருளும் இடம் அது. பக்கத்தில் நிற்பவரிடம் கொஞ்சம் தண்ணீர் கேட்கவே தொண்டையைக் கிழிக்க வேண்டும். அப்படிப் பழகிய தொண்டை பஸ்ஸில் ஏறியதும் அடங்கிவிடுமா என்ன? ரகசியம் சொல்கிறேன் என்று பக்கத்து சீட்டுக்காரியின் காதருகே குனிவார். கடைசி சீட்டிலிருந்து பதில் வரும்.

இன்னொரு பழக்கம், எதையும் மடிக்காமல் விடமாட்டார். நாள் முழுக்கப் போர்வையும் விரிப்பும் மடித்த கை, வழியில் சும்மா இருக்க மறுக்கிறது. யாரோ மடியில் சுருட்டி வைத்திருக்கும் சால்வையை, "குடும்மா இப்படி" என்று வாங்கி, முனையோடு முனை சேர்த்து, நீவி, புதுத் துணி மாதிரி திருப்பிக் கொடுப்பார். ஒருமுறை முன்பின் தெரியாத ஒருவர் படித்துக்கொண்டிருந்த செய்தித்தாளையே பிடுங்கி மடித்துவிட்டார். "படிச்சிட்டிருந்தேங்க" என்றார் அந்த மனிதர் பாவமாக. "படிச்ச பக்கத்தைத்தானே மடிச்சேன், மிச்சத்தைப் படிங்க" என்றார் அக்கா. அவரும் மறுபேச்சில்லாமல் படித்தார்.

இந்த பஸ் வருவதற்கு முந்தைய கதையைக் கேட்டால் வயிறு எரியும். அவருடைய சிற்றூரிலிருந்து கூட்டுரோடு வரை ஒரு பஸ், அங்கிருந்து நகரத்துக்கு வேறொரு பஸ். இரண்டும் வேறு வேறு நிர்வாகம், வேறு வேறு டிக்கெட். ஒன்று வருவதை மற்றது கண்டுகொள்ளாது. "நாங்க இறங்குவோம், அது கிளம்பும். பின்னாடி லைட்டை மட்டும்தான் பார்த்திருக்கோம், மூஞ்சியைப் பார்த்ததே இல்ல" என்பார். தாமதமாகப் போனால் அரை நாள் சம்பளம் போச்சு. வேறு வழியில்லாமல் நகரத்திலேயே மூன்று பெண்களோடு ஓர் அறையில் தங்கினார். சம்பளத்தில் பெரும்பங்கை அந்த அறையே விழுங்கியது. நாற்காலி பழுது பார்க்கும் கணவரையும் பள்ளிக்கூடம் போகும் மகளையும் வாரத்துக்கு ஒருநாள் விருந்தாளி மாதிரி போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

பிறகு எப்படியோ இரு நிர்வாகங்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசின. சுற்றுவட்டாரம் முழுக்க ஒரே பயண அட்டை, ஊரிலிருந்து மருத்துவமனை வாசல் வரை ஒரே பஸ். அக்கா அறையைக் காலி செய்துவிட்டு வீட்டுக்கு வந்தார். மிச்சமான வாடகையில் மகளுக்குக் கண்ணாடி வந்தது, சமையலறைக் கூரை ஒழுகுவது நின்றது. "அதெல்லாம் கிடக்கட்டும். ராத்திரி என் பிள்ளை தலையை நானே பின்னி விடறேன். அதுக்கு விலை சொல்லுங்க பார்ப்போம்!" என்பார்.

ஆனாலும் ஒரு தகர வாளியையும் பாயையும் அந்த நகரத்து அறையிலேயே, பழைய தோழியின் கட்டிலுக்கு அடியில் விட்டு வைத்திருந்தார். "எதுக்கும் இருக்கட்டும். குடுத்தவன் திருப்பி எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?" மகளுக்கு அந்த வாளி என்றாலே ஆகாது. "அம்மா, அந்த வாளி எப்போ வீட்டுக்கு வரும்?" என்று கேட்பாள். அக்கா பேச்சை மாற்றிவிடுவார்.

பயந்தது போலவே ஒருநாள் டிரைவர் இருக்கைக்குப் பின்னால் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. போதிய பயணிகள் இல்லாததால் மாதக் கடைசியோடு இந்த பஸ் நிறுத்தப்படும். நிற்க இடமில்லாமல் நசுங்கிக்கொண்டு அதைப் படித்தவர்கள் முதலில் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அன்று இரவு மகள் தலையைப் பின்னி, அவிழ்த்து, மறுபடியும் பின்னினாராம்.

வார விடுமுறையன்று போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனார். அங்கே இருந்த அதிகாரி ஓர் இளம்பெண். பொறுமையாகக் கேட்டுவிட்டு, கம்ப்யூட்டர் திரையை இவர் பக்கம் திருப்பினார். பஸ் தினமும் பாதிகூட நிரம்பாமல் ஓடுவதாகக் காட்டியது.

"அப்போ நாங்க எல்லாம் பேயா, பிசாசா?" என்றார் அக்கா.

"கோவிச்சுக்காதீங்க. ஏறும்போது எல்லாரும் மெஷின்ல கார்டு வைக்கிறீங்களா?"

"இல்லீங்க" என்றார் அக்கா, பக்கத்து மேசைக்குக்கூடக் கேட்காத குரலில். அந்தத் தொண்டைக்கு அது புதுசு.

மாதச் சீட்டு வாங்கியவர்களுக்கு ஒவ்வொரு முறையும் பணம் கழியப்போவதில்லை. அட்டையை வைப்பது ஆளை எண்ணுவதற்கு மட்டும்தான். அதை அந்த பஸ்ஸில் யாரும் வைப்பதில்லை. கூட்டம் ஏறும் நேரத்தில் பையைத் துழாவிக்கொண்டு நிற்பவர்களை, "ஏறுங்க, ஏறுங்க! மாசத்துக்கும் சேர்த்துப் பணம் கட்டியாச்சு. தினம் தினம் சலாம் வேற வைக்கணுமா?" என்று உள்ளே தள்ளியது யார்? சாட்சாத் ஹாரன் அக்காவேதான். டிரைவரும் தெரிந்த முகங்களாயிற்றே என்று கையசைத்துவிடுவார். எல்லாரும் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிப்போனதில் கணக்குப்படி பஸ் காலியாகிவிட்டது.

"இந்த மாசம் முடியட்டும், பார்க்கலாம். ஆள் இருக்குன்னு மெஷின் சொன்னாதான் நான் மேல பேச முடியும்" என்றார் அதிகாரி. நியாயமான பேச்சு.

மறுநாள் காலை, படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நிற்க வேண்டியவர், மெஷின் பக்கத்தில் போய் நின்றார். பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "நல்லாக் கேட்டுக்கோங்க. என் வாய்தான் நம்ம எல்லாருக்கும் ஆப்பு வச்சது. திட்டணும்னு தோணுறவங்க திட்டிக்கோங்க. ஆனா, கார்டை வச்சிட்டுத் திட்டுங்க!" ஒருவரும் திட்டவில்லை. பைகள் திறந்தன. டிங், டிங் என்று மெஷினுக்கு அன்றைக்குத்தான் பேச்சு வந்தது.

செருப்புக் கடைக்காரருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அக்கா, எங்க வீட்ல எல்லார் கார்டையும் கொண்டு வந்து தட்டிடவா?"

"வேண்டவே வேண்டாம். இருக்கிற ஆளைக் காட்டினாலே வண்டி பிதுங்குது. இல்லாத ஆளை ஏத்தி மாட்டிக்கிட்டா, இருக்கிறவனையும் நம்ப மாட்டாங்க. நீங்க நேரத்துக்கு வாங்க, அது போதும்."

ஊரில் இவர் பேச்சை மதிக்கிறார்கள் என்றால் சும்மா இல்லை. தன் வீடே மறுபடி இரண்டாகப் பிரியும் நிலையிலும் ஒரு பொய் 'டிங்'குக்கு அவர் இடம் கொடுக்கவில்லை. மாதம் முடியும்வரை யார் ஏறினாலும் அந்தச் சத்தம் வரும்வரை நகர விடவில்லை. அப்படியும் கூட்டத்தில் தப்பி, இறங்கிய பிறகு மறந்துவிட்டேன் என்று நின்ற நர்சிங் மாணவியை, கையைப் பிடித்துத் திரும்ப ஏற்றி, அட்டையை வைக்கச் சொன்னார். இரவில் மட்டும் தூக்கம் வரவில்லையாம். அந்த வாளி கண்ணில் வந்து நின்றதாம்.

மாதக் கடைசியில் டிரைவர் தம்பி வண்டியை எடுக்காமல் எழுந்தார். "தொடர்ந்து ஓட்டச் சொல்லிட்டாங்க" என்றபடி, இருக்கைக்குப் பின்னாலிருந்த அறிவிப்பை நகத்தால் சுரண்டிக் கிழித்தார். பஸ் ஓவென்று கத்தியது. அக்கா அவர் கையிலிருந்து அந்தக் காகிதத்தை வாங்கி, முனையோடு முனை சேர்த்து நான்காக மடித்தார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

அன்று மாலை மருத்துவமனை வாசலில் அவர் பஸ்ஸுக்கு நின்ற கோலத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு கையில் தகர வாளி, கக்கத்தில் பாய், தோளில் பை, காதுக்கும் தோளுக்கும் நடுவே செல்போன். "குளிக்கிற இடத்துல இருக்கிற அந்த ஓட்டை வாளியைத் தூக்கி வெளியில வைடி" என்று மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். தெரு முழுக்கக் கேட்டது.

பஸ் வந்தது. "கை நிறைய இருக்கேக்கா, சும்மா ஏறுங்க" என்றார் டிரைவர் தம்பி, பழைய ஞாபகத்தில்.

அக்கா வாளியைப் படியில் வைத்தார். பாயை அதில் சாய்த்தார். பின்னால் ஏறக் காத்திருந்தவர்கள் முணுமுணுக்க, பையின் அடிவரை துழாவி அட்டையை எடுத்து வைத்தார். டிங். உட்கார ஒரு சீட்டும் இல்லை. நடுவில் கிடைத்த இடத்தில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அதன்மேல் உட்கார்ந்தார்.