மாஸ்டரின் காதும் நானாவின் இசைத்தட்டும்

போன ஞாயிறு பின்னேரம் ஹனிபா நானாவின் இரும்புக்கடைப் பின்னறையில் ஒரு கதிரை வெறுமையாய்க் கிடந்தது. சவிரிமுத்து மாஸ்டரின் கதிரை. நாலேகால் ஆகிவிட்டது. வருவாரா, மாட்டாரா? நானும் நானாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தோம்.

அவர் வருவதை நிறுத்தியதற்குக் காரணம் யார் என்கிறீர்கள்? இந்தப் பத்தியை எழுதுகிற இதே கைதான்.

எங்கள் மூவரின் ஞாயிற்றுச் சங்கீதத்தைப் பற்றிப் போன மாதம் எழுதியிருந்தேன். ஞாபகம் இல்லாதவர்களுக்காகச் சுருக்கமாய்ச் சொல்கிறேன். வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது பழைய சாமான்களை ஏலத்தில் விட்டார்கள். நானா ஆணிப் பெட்டிகளோடு ஒரு கிராமபோனையும் மூன்று இசைத்தட்டுகளையும் வாங்கினார். மூன்றும் சேர்ந்து ஒரே வயலின் கொன்சேர்ட்டோ — ஒற்றை வயலின் ஒரு பெரிய வாத்தியக் கோஷ்டியோடு மல்லுக்கு நிற்கிற சங்கீதம். மொத்தம் ஆறு பக்கம். போன வருடம் மனைவி காலமான பிறகுதான் நானா அதைத் தூசி தட்டி எடுத்தார். தனியே கேட்க மனமில்லாமல் எங்களையும் கூப்பிட்டார்.

முதல் தட்டைப் போடுவார். முடிந்ததும் திருப்புவார். பிறகு அடுத்த தட்டு. வேறொருவரும் அந்தத் தட்டுகளைத் தொட ஏலாது. முதல் நாலு பக்கமும் ஒரே ஆரவாரம். கடைசி இரண்டு பக்கத்தில் எல்லாம் அடங்கி, வயலின் மட்டும் மெல்ல அழும்... அதோடு முடியும். நானாவின் கண் கலங்கிவிடும். எனக்கும் நெஞ்சை என்னவோ செய்யும்.

மாஸ்டருக்கு மட்டும் கோபம் வரும். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிப்பவர். ஞாயிறு காலையில் தேவாலயத்தில் ஓர்கன் வாசிப்பவர். இசையமைத்தவன் இரண்டாம் பக்கத்திலேயே முடித்துவிட்டுப் பிறகு ஏன் மறுபடி தொடங்குகிறான், கூரையை நடு வீட்டில் வைத்துக் கட்டியிருக்கிறானே என்பார். நானா பதில் சொல்லமாட்டார். நான்தான் சண்டைக்குப் போவேன். ஒவ்வொரு கிழமையும் இதே கதை.

சண்டையோடு விட்டேனா? எழுதினேன். தேவாலயத்து ஓர்கனில் ஊறிய காதுக்கு ஆமென் சொன்னால்தான் பாட்டு முடியும் என்று எழுதினேன். நீங்கள் சிரித்தீர்கள், கடிதமும் போட்டீர்கள். மாஸ்டரின் வகுப்பில் யாரோ கரும்பலகையில் ‘ஆமென் மாஸ்டர்’ என்று எழுதி வைத்தார்கள். இருபது வருடம் படிப்பித்த மனிதர்... அன்றோடு எங்களிடம் வருவதை நிறுத்திவிட்டார். வழியில் என்னைக் கண்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். எனக்குக் கவலையாய்த்தான் இருந்தது. ஆனால் எழுதியது பிழை என்று மட்டும் தோன்றவில்லை.

வியாழக்கிழமை தோன்றியது!

தேயிலை ஏற்ற வந்த கப்பலின் ரேடியோ ஒப்பரேட்டர் நான் வேலை பார்க்கிற துறைமுகக் கந்தோருக்கு வந்திருந்தார். சங்கீதப் பைத்தியம். எங்கள் விசித்திரக் கொன்சேர்ட்டோவைப் பற்றிச் சொன்னேன். மனுஷன் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு ஒரு தாளில் பென்சிலால் கீறிக் காட்டினார். சில தட்டுகள், தானாகவே தட்டு மாற்றுகிற மெஷினுக்கென்று செய்தவையாம். அடுக்கி வைத்தால் மூன்று தட்டின் முன்பக்கமும் ஒன்றன்பின் ஒன்றாய்ப் பாடும். பிறகு முழு அடுக்கையும் ஒரேயடியாய்ப் புரட்டி வைக்கவேண்டும். ஆகவே முதல் தட்டின் பின்னால் இருப்பது இரண்டாம் பக்கம் அல்ல — ஆறாம் பக்கம்.

விளங்குகிறதா? ஆறு மாதமாய் நாங்கள் முடிவை இரண்டாவதாகவும் நடுப்பகுதியைக் கடைசியாகவும் கேட்டிருக்கிறோம். மாஸ்டர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழை இல்லை.

அந்தத் தாளோடு பாலையூற்றில் மாஸ்டரின் வீட்டுக்குப் போனேன். வாசித்தார். மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். தேத்தண்ணி குடிக்கிறீரா என்றுகூடக் கேட்கவில்லை.

ஞாயிறு நாலரைக்கு வந்தார். கதிரையில் இருக்கவில்லை. தாளை நானாவிடம் நீட்டி, இந்த ஒழுங்கில் போடுங்கோ என்றார். மனைவியை நினைத்து ஆறு மாதம் கண் கலங்கிய மனுஷனிடம், நீ அழுததே பிழையான இடத்தில் என்று சொன்னால் எப்படித் தாங்குவார்?

நானா தாளை வாங்கவேயில்லை.

“எனக்குத் தெரியும் மாஸ்டர். தட்டில நம்பர் அடிச்சிருக்கு. ரெண்டாம் கிழமையே கண்டுட்டன்.”

மாஸ்டர் நீட்டிய தாளைத் திரும்ப மடித்தார்.

“அப்ப... பேப்பரில என்னைப் பகிடி பண்ணேக்க, நீங்கள் தெரிஞ்சுகொண்டுதான் இருந்தனீங்களோ?”

“ஓம்.”

மாஸ்டர் திரும்பி நடந்தார். நான் வாசலை மறித்து நின்றேன். விலகி நில்லும் என்றார். அந்தக் குரலை இதற்கு முன் நான் கேட்டதில்லை. விலகினேன்.

“ஒழுங்காப் போட்டும் கேட்டுப் பாத்தன் மாஸ்டர்,” என்றார் நானா, எழும்பாமலே. “அழுது முடிஞ்ச கையோட கொண்டாட்டம் தொடங்குது. என்ட பொஞ்சாதி மவுத்தாகி நாப்பது நாள் முடியல்ல, சொந்தக்காரங்க எனக்கு வேற கல்யாணம் பேசி வந்தாங்க. அந்த ஆரவாரத்தக் கேட்டா அவங்கட சத்தம்தான் கேக்குது. அதோட முடிக்க எனக்கு ஏலாது.” பிறகு சொன்னார்: “ஆனா நான் வாயத் திறந்திருக்கணும். ஒங்களுக்குச் செஞ்சது அநியாயம்.”

மாஸ்டர் முதுகைக் காட்டியபடி வாசலில் நின்றார். கல்யாணம் பேசி வந்த விஷயம் எங்கள் இருவருக்குமே அன்றுதான் தெரியும். பக்கத்தில் இருந்து ஆறு மாதம் சங்கீதம் கேட்டோம்; அந்த மனிதரை ஒரு நாளாவது கேட்டோமா?

மாஸ்டர் திரும்பி வந்தார். நேரே கிராமபோனிடம் போய் மூன்றாம் தட்டைத் தன் கையாலேயே எடுத்தார். நானா தடுக்கவில்லை. சாவி கொடுத்து, ஊசியை வைத்துவிட்டுத் தன் கதிரையில் இருந்தார். வயலின் அழுதது. தட்டைத் திருப்பிப் போட்டார். மறுபடி அழுதது. அது ஓய்ந்த பிறகும் அவர் மற்றத் தட்டுகளைத் தொடவில்லை.

“இண்டைக்கு இதோட முடிப்பம் நானா,” என்றார்.

நான் கேலி செய்தது அச்சில்... மன்னிப்பும் அச்சில்தான் கேட்கவேண்டும், மாஸ்டர்.