ஜாதகப் பொருத்தத்தோடு வந்த தொல்லை

மகளுக்கு வரன் பார்க்கத் தொடங்கியதும், இணையத்திலிருந்து இலவச ஜாதகப் பொருத்த மென்பொருள் ஒன்றைக் கம்ப்யூட்டரில் இறக்கினேன். அன்றிலிருந்து பிரவுசரைத் திறந்தாலே ஆபாசப் படங்கள். எத்தனை முறை மூடினாலும் திரும்பி வந்தன. கோச்சடையில் எங்கள் வீட்டுக்கு வந்த மெக்கானிக், "ஃபார்மேட் பண்ணிரலாம்க்கா, ஆனா உள்ள இருக்கதெல்லாம் போயிரும்" என்றார். மகளின் கல்லூரி புராஜெக்ட் முழுவதும் அதில்தான் இருந்தது.

"கொஞ்சம் பொறுங்கண்ணே" என்ற மகள், கம்ப்யூட்டரை அவசியமானவை மட்டும் இயங்கும் சேஃப் மோடில் திறந்து, அந்த மென்பொருளையும் அதோடு ஒட்டி வந்த டூல்பாரையும் நீக்கினாள். படங்கள் நின்றன, புராஜெக்ட் அப்படியே இருந்தது. "எனக்குப் பத்துப் பொருத்தம் பாக்குற, இதை ஒண்ணுமே பாக்காம வீட்டுக்குள்ள விட்டுட்டியேம்மா!" என்று சிரித்தாள்.

இப்போது அவளைக் கேட்காமல் எதையும் இறக்குவதில்லை. பெண் பார்க்க வருகிறவர்களிடம், அவள் சமையலைப் பற்றிச் சொல்லும் முன் அவள் கம்ப்யூட்டரைச் சரிசெய்த கதையைத்தான் சொல்கிறேன்.