வெல்டருக்காக மூன்று புதன்கிழமைகள்

என் சித்தி லென்ஸ் தேய்ப்பவள். கடைத்தெருவில் உள்ள ஒரு கண்ணாடிக் கடையின் பின் அறையில், தண்ணீர் சொட்டச் சொட்டச் சுழலும் கல்லின் முன்னால் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். வட்டமாக வரும் லென்ஸை ஃபிரேமின் வடிவத்துக்குத் தேய்த்து, விளிம்பைச் சரிவாக்கி, பொருத்தி, முன் மேஜைக்கு அனுப்ப வேண்டும். கொஞ்சம் அதிகமாகத் தேய்ந்தால் லென்ஸ் ஆடும். கொஞ்சம் குறைந்தால் உள்ளே போகாது, அழுத்தினால் உடையும். அவள் விரல் நுனிகளில் எப்போதும் வெள்ளைப் பொடி ஒட்டியிருக்கும்.

அதே விரல்களால் நாவலும் எழுதுகிறாள். கிறிஸ்தவ நாவல்கள். இதைச் சொன்னால் என் கூடப் படித்தவர்கள், "ஓ, கடைசியில எல்லாரும் முட்டி போட்டு அழுவாங்களே, அதுவா?" என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பள்ளி முடிந்து வேலை எதுவும் கிடைக்காமல் வீட்டில் சும்மா இருந்த இந்த ஒரு வருடத்தில்தான் சித்தி எப்படி எழுதுகிறாள் என்று பக்கத்திலிருந்து பார்த்தேன். பார்த்ததை உள்ளபடி சொல்ல முயல்கிறேன்.

அவள் எழுத வந்ததே ஒரு குழந்தையால்தான். பத்தொன்பது வயதில் ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்தபோது, பனிமூட்டத்தில் வழி தவறிய லாரி டிரைவரைப் பற்றித் தானாகவே ஒரு கதை கட்டிச் சொன்னாளாம். வகுப்பு முடிந்ததும் ஒரு சிறுமி வந்து, "டீச்சர், அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துட்டாரா?" என்று கேட்டாள். "அது சும்மா கதைடா" என்றாள் சித்தி. சிறுமியின் முகம் சுருங்கிப்போனது.

"ஒரு மனுஷனைப் பனியில நிறுத்திட்டு நான் மட்டும் வீட்டுக்கு வந்து சாப்பிட்ட மாதிரி இருந்துச்சு" என்று சித்தி என்னிடம் சொன்னாள். அந்த வாரமே டிரைவர் வீடு சேரும்வரை எழுதினாள். அதுதான் முதல் கதை.

பிறகு பதினோரு வருடம் எழுதிய முதல் நாவலைப் பதிப்பகம் திருப்பி அனுப்பியது. இரண்டாவது நாவலை முந்நூறு பிரதி அச்சிட்டார்கள். அது எங்கள் சபையின் புத்தக மேஜையில், காலண்டர்களுக்குப் பக்கத்தில் இருந்தது. அதை முழுதாகப் படித்தவர்களில் ஒருவர் சபைச் செயலாளர். நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாரும் அவரை சர்வேயர் ஐயா என்போம். படித்து முடித்ததும் சித்தியை வாசலிலேயே நிறுத்தினார்.

"எழுபதாம் பக்கத்துல ஒரு ரயில் போகுதே, அந்த ரெண்டு ஊரும் எங்கம்மா இருக்கு?"

"அது கற்பனை ஊருங்க ஐயா."

"இல்லாத ஊருக்கு ரயில் விட்டிருக்கீங்க. விசுவாசி இப்படிச் செய்யலாமா? கதைன்னா என்ன, அழகா சொன்ன பொய்தானே?"

சித்தி சிரித்துவிட்டு வந்துவிட்டாள். ஆனால் அந்த வார்த்தை அவளுக்குள் தைத்துவிட்டது. ஞாயிறு தவறாமல் யாராவது அதைச் சொல்லிக் கிண்டல் செய்தார்கள். அவளும் தவறாமல், "பொய் வேற, கதை வேற" என்றாள். எதனால் வேறு என்று மட்டும் அவளால் சொல்ல முடியவில்லை.

மூன்றாவது நாவலின் நாயகன் ஒரு வெல்டர். கண்ணில் தீப்பொறி பட்டுப் பார்வை போய், ஆஸ்பத்திரியில் தனியாகக் கிடக்கிறார். மகளோடு பேசி ஆறு வருடம். சித்தி நூற்று நாற்பது பக்கம் எழுதிவிட்டு அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டாள்.

காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் அவள் எங்கள் வீட்டுச் சமையலறை மேஜையில் கொஞ்ச நேரம் எழுதுவாள். அதற்கு முன் கண்ணை மூடி ஜெபிப்பாள். நல்லா எழுதணும் என்று கேட்கிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் டீ போடப் போனபோது காதில் விழுந்தது.

"அவர் பிடிவாதத்தை உடைங்க ஆண்டவரே. ஆனா அவரை உடைச்சிராதீங்க."

எனக்குக் கையில் இருந்த டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இல்லாத ஒருவருக்காக ஒருத்தி இப்படி மன்றாடுவாளா? அவள் கண்ணைத் திறந்து, "என்ன, பால் பொங்குது பாரு" என்றாள்.

லென்ஸ் வரும் வெள்ளைக் காகித உறைகளை அவள் வீணாக்குவதில்லை. கடையில் சாப்பாட்டு நேரத்தில் தோன்றுவதையெல்லாம் அதில்தான் எழுதுவாள். ஒரு மூலையில் பவர், மீதி இடத்தில் வெல்டர்.

புதன்கிழமைதோறும் சபையில் ஜெபக்கூட்டம் நடக்கும். வாசலில் ஒரு பெட்டி இருக்கும். ஜெபம் தேவைப்படுகிறவர்கள் குறிப்பு எழுதிப் போடுவார்கள், பாஸ்டர் எடுத்து வாசிப்பார். ஒரு புதன்கிழமை சித்தி கடையிலிருந்து நேராக ஓடிவந்து, என் அம்மாவின் முழங்கால் வலிக்காக எழுதிய உறையைக் கைப்பையில் தேடி, கைக்கு வந்ததை எடுத்துப் பெட்டியில் போட்டாள். கொஞ்ச நேரத்தில் பாஸ்டர் வாசித்தார்.

"வெல்டிங் வேலை செய்யும் சகோதரர். பார்வை போய்விட்டது. ஆறு வருடமாக மகள் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் யாருமில்லை. அவருக்காக."

சித்தி என் கையைப் பிடித்தாள். பெட்டிக்குள் போனது அம்மாவுக்கான உறை இல்லை. அவள் எழுந்து சொல்வதற்குள் சர்வேயர் ஐயா எழுந்துவிட்டார், "நான் இதுக்காக ஜெபிக்கிறேன்" என்று. நிலத்தை அளப்பதுபோல அளந்து பேசுகிற மனிதர் அன்று பேசப் பேசக் குரல் கம்மிப்போய், பாதியில் நிறுத்தி, மூக்கைச் சிந்திவிட்டுத் தொடர்ந்தார். அந்த ஹாலில் இருந்த முப்பது பேரும் வெல்டரின் கட்டிலைச் சுற்றி நிற்பதுபோல எனக்கு இருந்தது.

கூட்டம் முடிந்ததும், ஜெபத்துக்கு வந்திருந்த தச்சர் வீட்டு அக்கா சித்தியிடம் வந்தார். "பாஸ்டர் கையில லென்ஸ் கவரைப் பார்த்ததுமே நீங்கதான்னு தெரிஞ்சுது. உங்க கடைக்கு வந்தவரா?"

சித்தி, "ம்ம்" என்றாள்.

அவ்வளவுதான். அந்த ஒரு "ம்ம்".

வீட்டில் அம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அப்போ என் முட்டிக்கு ஒருத்தரும் ஜெபம் பண்ணலையாடி?" என்றாள். நான் சிரித்தேன். சித்தி சிரிக்கவில்லை.

இரண்டாவது புதனும் ஜெபித்தார்கள். மூன்றாவது புதன்கிழமை தச்சர் வீட்டு அக்கா ஒரு பை நிறைய ஆப்பிள் கொண்டுவந்து சித்தி கையில் திணித்தார். "அவருக்குக் குடுத்துருங்க. நான் வெள்ளிக்கிழமை தவறாம உபவாசம் இருக்கேன்னு சொல்லுங்க."

அந்தப் பை எங்கள் மேஜையில் உட்கார்ந்தது. யாரும் தொடவில்லை.

"இல்லாத ஆளுக்கு ஆப்பிள் வந்திருக்கு. நமக்கு இருக்கிற சொந்தக்காரங்க ஒரு எலுமிச்சம்பழம் குடுத்ததில்லை" என்றாள் அம்மா. பிறகு தங்கையின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தாள். "ஆள் குணமாயிட்டார், வேற ஊருக்குப் போயிட்டார்னு சொல்லிடு. எல்லாருக்கும் சந்தோஷம். ஆளைவிட்டாப் போதும்."

"அது பொய் அக்கா."

"நீ எழுதுறது மட்டும்?"

சித்தி ஆப்பிள் பையைப் பார்த்தாள். "கதை கற்பனைன்னு எழுதுற எனக்கும் தெரியும், படிக்கிறவங்களுக்கும் தெரியும். இதுல எனக்கு மட்டும்தான் தெரியுது. அதான் வித்தியாசம் அக்கா. இத்தனை வருஷமா அந்த ஐயாவுக்குச் சொல்லத் தெரியாம முழிச்சேனே, அது இதுதான்."

"சொன்னா, பார்த்தியா நான் அப்பவே சொன்னேனேன்னு ஊரைக் கூட்டுவாரு அவரு. அப்புறம் உன் புத்தகத்தை யாரு தொடுவா?"

"தொட வேணாம். சொல்லலைன்னா அவர் சொன்னது உண்மையாயிடும். அப்புறம் நான் எந்தக் கையால எழுதுறது?"

இதுவரை என் சித்தி எதற்கும் பயந்து நான் பார்த்ததில்லை. அந்த வாரம் முழுக்க அவள் எழுதவே இல்லை. கடையில் இரண்டு லென்ஸை உடைத்தாள்.

நாலாவது புதன்கிழமை, பாஸ்டர் பெட்டியைத் திறக்கும் முன் அவள் ஆப்பிள் பையோடு எழுந்து நின்றாள். நீட்டி முழக்கவில்லை. "அந்த வெல்டர் நிஜ ஆள் இல்லை. என் நாவல்ல வர்றவர். குறிப்பு மாறிப் பெட்டிக்குள்ள போயிருச்சு. அது தவறு. ஆனா எங்கிட்ட கேட்டப்போ ஆமான்ற மாதிரி 'ம்ம்'னு சொன்னேன். அது பொய். மூணு வாரம் உங்களை ஏமாத்திட்டேன். மன்னிச்சிருங்க."



"அப்போ நான் மூணு வெள்ளிக்கிழமை பட்டினி கிடந்தது?" என்றார் தச்சர் வீட்டு அக்கா. பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு இருமுவதுபோலச் சமாளித்தார்கள். சர்வேயர் ஐயா எழுந்தார். இப்போது சொல்லப் போகிறார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அவரோ குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அது அதைவிட மோசமாக இருந்தது.

சித்தி பையைத் திருப்பிக் கொடுத்தாள். தச்சர் வீட்டு அக்கா வாங்கவில்லை. "வச்சுக்கோங்க. எழுதுற ஆளுக்குப் பசிக்காதா?" என்றார் கோபமாகவே.

சனிக்கிழமை மதியம் நான் சித்திக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். பின் அறையில், சித்தியின் மெஷினுக்கு எதிரே இருந்த ஸ்டூலில் சர்வேயர் ஐயா உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்காக வந்தவர் மாதிரித் தெரியவில்லை. கல் சுழன்றுகொண்டிருந்தது.

"சபை நடுவுல என்னை முட்டாளாக்கிட்டீங்க."

"ஆமாங்க ஐயா."

"நான் அழுதேன்."

"தெரியுங்க ஐயா. எனக்கு அதுதான் தாங்கலை."

அவர் தரையைப் பார்த்தார். "நீங்க சொன்னதுக்கு அப்புறமும் காலையில ஜெபத்துல அந்த ஆள் பேர்... பேருகூட இல்லை அவனுக்கு. வெல்டர்னு வந்துருது வாய்ல. நிறுத்த முடியலை. இது எனக்குப் பெரிய இம்சையா இருக்கு."

சித்தி லென்ஸைக் கல்லிலிருந்து எடுத்துவிட்டாள்.

"ஒண்ணு கேக்கணும்" என்றார். "மூணு வாரமா அவன் கண்ணுக்காகக் கேட்டோம். மக வரணும்னு கேட்டோம். அந்தப் பொண்ணு ஏன் ஆறு வருஷம் பேசலை? அவளுக்கு என்ன காயம்? அதை யாரும் கேக்கலை. நானும் கேக்கலை. நீங்க எழுதியிருக்கீங்களா?"

சித்தி மெஷினை நிறுத்தினாள். 

"எழுதலைங்க ஐயா" என்றாள். "நூத்தி நாப்பது பக்கத்துல ஒரு வரிகூட எழுதலை. அவ வருவாளா மாட்டாளான்னு மட்டும்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்."

"ஒரு பக்கத்துலேருந்து மட்டும் அளந்தா நிலம் சரியா வராதும்மா" என்று எழுந்தார். கதவருகே திரும்பினார். "அதுக்காக இல்லாத ஊருக்கு ரயில் விட்டது சரின்னு நான் சொல்லலை."

"சரிங்க ஐயா" என்றாள் சித்தி. அவள் முகத்தில் மூன்று வாரத்துக்குப் பிறகு சிரிப்பைப் பார்த்தேன். கண்ணில் தண்ணீரும் இருந்தது.

மறுநாளே நூற்று நாற்பது பக்கங்களையும் கட்டி அலமாரிக்கு மேல் போட்டுவிட்டாள். இரண்டு வருட உழைப்பு அது. அவளுக்கு வருத்தமே இல்லை. புது நோட்டில் மகளிடமிருந்து ஆரம்பித்தாள். வெல்டர் வேலை முடிந்து வந்து, கண்ணெரிச்சலோடு கத்துகிற வீட்டில் ஒரு பெண் எப்படி வளர்வாள் என்று தொடங்கியது. காலையில் அவள் ஜெபத்தில் இப்போது இரண்டு பேர் இருந்தார்கள். மகளுக்காகக் கேட்கும்போது சித்தி, "அவளை அவசரப்படுத்தாதீங்க" என்று ஆண்டவரிடமே சொன்னாள். ஆண்டவரிடம் அப்படிப் பேசலாம் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

நான்கு மாதம் கழித்து ஒரு காலையில், அவள் பேனாவை மூடாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன்.

"என்ன சித்தி, மக வந்துட்டாளா?"

"ஆஸ்பத்திரி வரைக்கும் வந்துட்டா. வார்டுக்கு வெளியே பெஞ்சில உக்காந்திருக்கா."

"உள்ளே போவாளா?"

"தெரியலை."

"நீங்கதானே எழுதுறீங்க? போனான்னு ஒரு வரி எழுதினா முடிஞ்சுதே!"

சித்தி என்னைக் கோபமில்லாமல் பார்த்தாள். "எழுதலாம். அப்புறம் அது பொய்யாயிடும்" என்றாள். நாற்காலியை மேஜைக்கு இன்னும் கொஞ்சம் அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அவளா எழுந்திருக்கிற வரைக்கும் நானும் அவ பக்கத்துல உக்காந்திருக்கேன். கடைக்கு லேட்டாகும்னு முதலாளிக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடு."