மகளிடம் எந்த மொழியில் பேசுவது?

2003-ஆம் ஆண்டின் குளிர்காலம். டெல்லி கோல் மார்க்கெட் அருகே அரசுக் குடியிருப்பில் நாங்கள் இருந்தோம். என் கணவருக்கு மத்திய அரசு வேலை. இரண்டு பேருக்கும் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். எங்கள் ஒரே மகளுக்கு அப்போது மூன்று வயது நிறையவில்லை. அவளுக்குக் காது சரியாகக் கேட்காது என்பது ஒன்றரை வயதிலேயே தெரிந்துவிட்டது. இரண்டு காதிலும் மிஷின் மாட்டியிருந்தோம். வாரம் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போவேன்.

பயிற்சி கொடுத்த அம்மையார் ரொம்ப நல்லவர். முதல் நாளே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "வீட்டில் ஹிந்தி மட்டும் பேசுங்கள். இங்கேதான் பள்ளிக்கூடம், இங்கேதான் வாழ்க்கை. இரண்டு மொழி காதில் விழுந்தால் குழந்தை குழம்பிவிடும்." அந்தக் காலத்தில் பெரும்பாலும் எல்லோருமே அப்படித்தான் சொன்னார்கள். மகள் பேசினால் போதும் என்று இருந்த எங்களுக்கு அது வேதவாக்கு.

ஆனால், என் ஹிந்தி காய்கறி வண்டிக்காரரிடம் கற்ற ஹிந்தி. "பையா, டமாட்டர் கித்னா?" என்று தக்காளி விலை கேட்பதைத் தாண்டினால் தடுமாறுவேன். அதை வைத்துக்கொண்டு மகளிடம் என்னதான் பேசுவது? தண்ணீர் குடி, இங்கே வா, செருப்பைப் போடு, தொடாதே. காலையிலிருந்து சாயங்காலம்வரை இவ்வளவுதான். நானும் கணவரும் தமிழில் ஏதாவது பேச வேண்டுமென்றால் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசுவோம். எங்கள் வாயசைவைப் பார்த்துக் குழம்பிவிடக் கூடாதே! சொந்த வீட்டுக்குள் திருட்டுத்தனமாகத் தமிழ் பேசியவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

சனிக்கிழமை கணவருக்கு லீவு. மகளை அவரிடம் விட்டுவிட்டு, கோல் மார்க்கெட்டில் ஒரு சர்தார்ஜி நடத்திய சைபர் கஃபேக்குப் போவேன். காது கேளாத குழந்தைகளின் பெற்றோர் சேர்ந்து நடத்திய மின்னஞ்சல் குழு ஒன்றைத் தேடிப் பிடித்து வைத்திருந்தேன். இந்தியா முழுவதிலிருந்தும் ஆங்கிலத்தில் எழுதுவார்கள். புனேவில் ஒரு அம்மா. அவருடைய பையன் மிஷினைக் கழற்றிப் பருப்புப் பானைக்குள் போட்டதை அவர் எழுதியபோது நான் அந்தக் கடையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பெங்களூரில் ஒரு அப்பா. மிஷின் பேட்டரியைப் பற்றி அவரிடம் எதையும் கேட்கலாம். கொல்கத்தா அம்மாவின் மகள் முதன்முதலாக "மா" என்றபோது எனக்கும் கண் கலங்கியது. அத்தனை பேரையும் எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவருக்கும் நான் இருப்பதே தெரியாது.

ஏனென்றால் நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. தமிழ் மீடியத்தில் படித்தவள். ஆங்கிலத்தை வாசித்துவிடுவேன், எழுத நடுக்கம். எல்லோரும் எஞ்சினியர், டாக்டர் என்று தோன்றும். 'சத்தம் போடாமல் வாசிப்பவர்களும் ஒரு வரி எழுதி அறிமுகம் செய்துகொள்ளுங்களேன்' என்று ஒருமுறை குழுவை நடத்தியவர் கேட்டிருந்தார். என்னைத்தான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் பதறி அந்தப் பக்கத்தையே மூடிவிட்டு வந்தேன்.

அப்படியே காலம் போயிருக்கும். ஒரு நாள் ஊரிலிருந்து என் தங்கை போன் செய்தாள். அவள் வீட்டுக்காரர் முதன்முதலாக ரசம் வைத்த கதையைச் சொன்னாள். புளியைக் கரைக்காமல் உருண்டையாகவே போட்டாராம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நானும் பதிலுக்கு ஏதேதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். வழக்கம்போல முகம் சுவர்ப் பக்கம்.

சேலையை யாரோ இழுத்தார்கள். என் மகள். முக்காலியை நகர்த்திக்கொண்டு வந்து அதன்மேல் ஏறி நின்றாள். இரண்டு கையாலும் என் தாடையைப் பிடித்தாள். என் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். என் வாயையே பார்த்துக்கொண்டு, நான் மேலே பேசுவேன் என்று காத்திருந்தாள்.

போனைக் கீழே இறக்கினேன். தங்கை அந்தப் பக்கம் "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் கணவரிடம் சொல்லி அழுதேன். அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு, "ஏளா, அந்தக் குழுவுல எவ்வளவோ பேரு இருக்காவல்லா? எழுதிக் கேளேன். கேட்டா கடிச்சா திங்கப் போறாவ?" என்றார்.

"என் இங்கிலீஷைப் பாத்துச் சிரிப்பாங்க."

"சிரிச்சிட்டுப் போட்டும். பதில் சொல்லுதாவல்லா, அது போதும்."

அந்தச் சனிக்கிழமை எழுதினேன். ஒரு விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டி, அழித்து, மறுபடி தட்டி. இவ்வளவுதான் எழுத முடிந்தது: எனக்கு ஹிந்தி சரியாக வராது. ஹிந்தியில் மகளிடம் பேசும்போது நான் அவளுக்கு அம்மா மாதிரியே இல்லை, ஆயா மாதிரி இருக்கிறேன். தமிழில் பேசினால் அவளுக்குப் பேச்சே வராமல் போய்விடுமா? தயவுசெய்து யாராவது சொல்லுங்கள்.

அனுப்பிவிட்டு, ஏதோ தப்பு செய்துவிட்டவள்போல வேகமாக வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை போய்ப் பார்த்தால் பதில்கள் வரிசையாக நின்றன. ஒருவரும் சிரிக்கவில்லை. புனே அம்மா, 'இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள்?' என்று கேட்டிருந்தார். ஆனால் விஷயத்தில் ஆளுக்கொரு கட்சி. பயிற்சியாளர் சொல்வதை மீறாதீர்கள் என்று பலர். தாய்மொழியை விடாதீர்கள் என்று சிலர். படிக்கப் படிக்க எனக்கு இன்னும் குழப்பம்தான் கூடியது.

கடைசியில் ஒரு கடிதம். அதற்கு முன் அந்தக் குழுவில் நான் பார்த்திராத பெயர்.

'நான் தாயோ தகப்பனோ இல்லை. நீங்கள் எல்லோரும் எழுதுகிறீர்களே, அந்தக் குழந்தைகளில் ஒருத்தி. வளர்ந்துவிட்டேன். எங்களைப் பற்றிப் பெற்றோர் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு இரண்டு வருடமாக இங்கே வாசிக்கிறேன். நான் இருப்பது தெரிந்தால் மனம்விட்டு எழுதமாட்டீர்களோ என்று பயந்து எழுதாமல் இருந்தேன். இந்தத் தமிழ் அம்மாவின் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நானும் டெல்லியில்தான் இருக்கிறேன். அவர் விரும்பினால் நேரில் பார்க்கலாம்.'

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் சந்திப்பதாக முடிவு செய்தோம். காப்பிப் பொடிக்கும் நல்லெண்ணெய்க்கும் நான் போகிற இடம். அவருடைய அலுவலகமும் அங்கிருந்து பக்கம்தான். மகளையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். மளிகைக் கடை வாசலில் நீலக் கம்பளிச் சட்டையோடு ஓர் இளம்பெண் கையை ஆட்டினார். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். கம்ப்யூட்டரில் கணக்கு எழுதும் வேலையாம்.

பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்தோம். சுற்றிலும் ஒரே இரைச்சல். எனக்கே ஒன்றும் காதில் விழவில்லை. அவர் சிரித்துக்கொண்டே தன் காது மிஷினைத் தொட்டுக்காட்டி, "இதை அணைத்துவிட்டேன். இந்த மார்க்கெட்டில் உங்களைவிட நான் நிம்மதி" என்றார். நன்றாகவே பேசினார். சில எழுத்துகள் மட்டும் மூக்கில் ஒலித்தன. பேசியதெல்லாம் ஹிந்தி. அதை என் தமிழில் சொல்கிறேன்.

நான் எனக்குத் தெரிந்த ஹிந்தியில் ஏதோ கேட்டேன். அவர் என் வாயை உற்றுப் பார்த்தார். அவர் கண் கொஞ்சம் மாறியது.

"தீதி, இது அப்படியே என் அம்மாவின் ஹிந்தி." என்னை அக்கா என்பதைத்தான் தீதி என்றார்.

அப்போதுதான் தெரிந்தது, அவருடைய பெற்றோரும் தமிழ்நாட்டுக்காரர்கள். அப்பா அரசு வேலையில் இங்கே வந்தவர். ஓய்வு பெற்றதும் அம்மா அப்பா இருவரும் மகனோடு சென்னைக்குப் போய்விட்டார்கள். இவர் வேலைக்காக இங்கேயே இருக்கிறார். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது.

"எங்கள் வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள், ஹிந்தி மட்டும் என்று. அம்மா அப்படியே கேட்டார். என்னிடம் சாப்பிடு, குளி, தூங்கு, ஷாபாஷ். அண்ணனிடம் பேசும்போது மட்டும் அவர் வாய் நிற்காது. நீளமாக என்னவோ சொல்வார். அண்ணன் விழுந்து விழுந்து சிரிப்பான். நான் ஓடிப்போய், 'க்யா போலா?', என்ன சொன்னீர்கள் என்பேன். அம்மா 'குச் நஹீ' என்பார். ஒன்றுமில்லையாம்! என் வாழ்க்கையில் நான் அதிகமாக உதட்டில் படித்த வார்த்தை அதுதான்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மாமேல் எனக்குக் கோபம் இல்லை, தீதி. எனக்காகத்தான் செய்தார். நான் படித்தேன், வேலை பார்க்கிறேன். ஆனால் என் அம்மா எப்படிப்பட்டவர் என்று அண்ணனுக்குத் தெரிகிற அளவு எனக்குத் தெரியாது."

என் மகள் இதற்குள் பெஞ்சில் ஏறி நின்று, அவருடைய காது மிஷினை விரலால் தொட்டாள். பிறகு தன்னுடையதைத் தொட்டாள். திரும்ப அவருடையதை. பெரியவர்களும் அதை மாட்டிக்கொண்டு இருப்பார்கள் என்பதை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறாள். அவர் குனிந்து, அவள் நன்றாகப் பார்ப்பதற்காகத் தலைமுடியை ஒதுக்கிக் காட்டினார்.

பிறகு என்னிடம், "இவளிடம் தமிழில் ஏதாவது பேசுங்கள். நான் பார்க்க வேண்டும்" என்றார்.

எனக்குக் கூச்சமாக இருந்தது. எதிர்க் கடையில் வாழைத்தார் தொங்கியது. "ஏ குட்டி, அங்க பாரு, எவ்வளவு பெரிய தாரு! அப்பா பாத்தா அப்படியே தோள்ல தூக்கிட்டு வந்துருவாவ. அத்தனையும் நாமதான் திங்கணும். உன் வயிறு பானை மாதிரி ஆயிரும்" என்று ஆரம்பித்தேன். பிறகு நிறுத்த முடியவில்லை. கையை ஆட்டினேன், கண்ணை உருட்டினேன், வயிற்றை ஊதிக் காட்டினேன். மகள் வாய்விட்டுச் சிரித்தாள். புரிந்தா சிரித்தாள் என்று தெரியாது. ஆனால் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

நிமிர்ந்தால் எதிரே அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஹிந்தியில் பேசும்போது உங்கள் முகம் அசையவே இல்லை, தீதி. இப்போதுதான் அசைகிறது. நாங்கள் வார்த்தையை மட்டும் பார்ப்பதில்லை. முகத்தைப் பார்க்கிறோம்."

அவரை பஸ் ஏற்றிவிட்டு, வீட்டுக்கு வரும் ஆட்டோவில் முழு வழியும் மகளிடம் தமிழில் பேசிக்கொண்டே வந்தேன். ஆட்டோக்காரர் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, பிறகு அவர்பாட்டுக்கு ஓட்டினார். அன்றிரவு கணவர் அவளிடம் தன் மீசையைப் பற்றி ஒரு கதை விட்டார். எங்கள் வீட்டில் சத்தம் திரும்பி வந்தது.

பயிற்சி அம்மையாரிடம் மறைக்காமல் சொன்னேன். திட்டுவார் என்று பயந்துதான் போனேன். அவர் யோசித்துவிட்டு, "சரி, சில மாதம் பார்ப்போம். ஆனால் நாள் முழுக்க விடாமல் பேச வேண்டும்" என்றார். அதற்கா பஞ்சம்!

கோடை வருவதற்குள் ஒரு காலை, அடுப்படியில் என் பின்னால் வந்து நின்று, "அம்மா, தோச பிஞ்சி போச்சி" என்றாள். நிஜமாகவே தோசை கிழிந்துதான் போயிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டேன்.

இன்று அவள் என்னோடு திருநெல்வேலித் தமிழில் சண்டை போடுகிறாள், தோழிகளோடு ஹிந்தியில் அரட்டை அடிக்கிறாள். ஹிந்தியும் பள்ளிக்கூடம் போனதும் தானாக வந்தது. 'ழ' மட்டும் சரியாக வராது. டெல்லியில் பிறந்த எந்தப் பிள்ளைக்குத்தான் அது வருகிறது?

எல்லோருக்கும் இப்படித்தான் அமையும் என்று நான் சொல்ல மாட்டேன். எங்களுக்கு அமைந்தது. அதைக் குழுவில் என் தப்புத் தப்பான ஆங்கிலத்தில் எழுதினேன். அதைப் பார்த்துவிட்டு, அதுவரை வாய் திறக்காத ஒரு தெலுங்கு அம்மாவும் ஒரு குஜராத்தி அப்பாவும் எழுத ஆரம்பித்தார்கள். அந்தப் பெண்ணும் அதன்பிறகு ஒளிந்திருக்கவில்லை. குழுவில் பெற்றோர் அதிகமாகக் கேள்வி கேட்டது அவரிடம்தான்.

இப்போதும் எங்காவது பத்துப் பேர் பேசுகிற இடத்தில் எழுதத் தயங்கினால், ஐ.என்.ஏ. மார்க்கெட் இரைச்சலில் எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்த அந்த முகம் நினைவுக்கு வந்துவிடும். அன்று நான் கேட்காமல் இருந்திருந்தால் அவரும் சொல்லாமல் இருந்திருப்பார். ஒரே ஊரில், ஒருவருக்கு ஒருவர் தேவைப்பட்ட நாங்கள் இருவரும், பேசாமல் வாசித்துக்கொண்டே இருந்திருப்போம்.