மூன்றாம் ஓலை

அப்பாத்துரைக்கு வேலை, தண்ணீரைப் பங்கு வைப்பது. தச்சநல்லூருக்கு வடக்கே, கால்வாய் ஓடி ஓடிக் களைத்துப்போகும் இடத்தில் இருந்தது அவர் ஊர். எந்த வயலுக்கு எப்போது மடை திறப்பது, எப்போது அடைப்பது என்று பார்ப்பவரை அங்கே நீர்பாய்ச்சி என்பார்கள். இளநீர் சீவிக் கொடுத்து, "நம்ம வயலையும் கொஞ்சம் பாத்துக்கிடும்" என்று பல்லைக் காட்டுபவர்கள் உண்டு. அப்பாத்துரை இளநீரையும் குடிக்க மாட்டார், மடையை ஒரு விரற்கடை கூட்டவும் மாட்டார். வேதத்துக்கு வந்த, அதாவது கிறிஸ்தவரான குடும்பம்தான். ஆனால் வேதத்தைப் பற்றி அவர் யாரிடமும் வாய் திறந்ததில்லை. அதற்கெல்லாம் அவருக்குப் பேச்சு வராது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றில் சாரல் ஏமாற்றிவிட்டது. கார் நெல் பால்பிடிக்கிற ஆவணி மாதத்தில் கால்வாயில் முழங்கால் தண்ணீர்கூட இல்லை. ஊர் கூடி முறை வைத்தது. திங்கள் முதல் சனி வரை மேல்மடை வயல்களுக்கு. ஞாயிறு காலை முதல் உச்சி வரை கடைமடைக்கு. அந்த நேரம் மேல்மடையை இறுக அடைத்தால்தான் கடைசி வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேரும்.

கடைசி வயல் இசக்கித்தாயுடையது. புருஷனை வாந்திபேதிக்குக் கொடுத்துவிட்டு, இரண்டு பெண்பிள்ளைகளோடு அந்தத் துண்டு நிலத்தை நம்பிக் கிடந்தாள். இந்தக் கதிர் பதராகிப் போனால் ஐப்பசியில் அவள் வீட்டில் அடுப்பு எரியாது.

மேல்மடை வயல் தேவசிகாமணியுடையது. அவர் சபைக்கு மூப்பர். கோயிலில் முன்வரிசை அவருக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியைத் தொட்டதே கிடையாது என்று தாமே சொல்லிக்கொள்வார். பொய்யில்லை. தொடுவதற்குப் பண்ணையாள் இருந்தான்.

அதே ஆவணியில்தான் அப்பாத்துரையின் ஒரே மகள் இன்பமணிக்கு ஓலை வாசிக்கத் தொடங்கினார்கள். கலியாணம் பேசி முடித்தால் மூன்று ஞாயிறு ஆராதனையில் இருவர் பெயரையும் வாசித்து, தடை சொல்வார் உண்டா என்று கேட்பது வழக்கம். மூன்றாம் ஓலை வாசித்துவிட்டால் தாலி கட்டலாம். மாப்பிள்ளை பாளையங்கோட்டையில் வாத்தியார். மூப்பருக்கு அக்காள் மகன். தாயில்லாப் பெண்ணுக்கு இப்படி ஓர் இடமா என்று ஊரே மூக்கில் விரலை வைத்தது. அப்பாத்துரைக்குமே நம்ப முடியவில்லை.

முதல் ஞாயிறு விடியுமுன்பே மேல்மடையை அடைத்து, சேறு அப்பி, கல்லும் வைத்துவிட்டு அவர் கோயிலுக்குப் போனார். மகள் பெயரை வாசித்தபோது கண் கலங்கியது. திரும்பி வந்து பார்த்தால் மடை திறந்து கிடந்தது. மூப்பர் வயலில் தண்ணீர் தளும்பி நின்றது. கடைமடையில் சேறு வெடித்திருந்தது.

"யாருலே திறந்தது?" என்று பண்ணையாளைக் கேட்டார்.

"மொதலாளிதான் அண்ணாச்சி. கோயில் மணி அடிச்சதும் திறன்னு நேத்தே சொல்லிட்டாவ. நீரு உள்ள போயிட்டா வெளிய வரமாட்டீராம்லா."

அப்பாத்துரைக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இசக்கித்தாய் சண்டைக்கு வரவில்லை. வரப்பில் உட்கார்ந்து, வாடிய கதிரை நகத்தால் கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளே போய் மடையில் நின்றால் பண்ணையாள் நகரச் சொல்லுவான், அவளும் நகர்ந்துவிடுவாள். மூப்பருக்கு எதிராக மடையில் நிற்க ஊரில் வேறு ஆள் கிடையாது.

இரண்டாம் ஞாயிறு அவர் மடையிலேயே நின்றார். பண்ணையாள் வந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு போனான். கோயிலில் இரண்டாம் ஓலையை அவர் இல்லாமலே வாசித்தார்கள். அன்று சாயங்காலமே குருவானவர் வேதநாயகம் ஐயர் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஓய்வுநாள்ல வேலை செஞ்சீராமே அப்பாத்துரை. மூப்பர் வந்து சொல்லிட்டுப் போறாவ. சபை விதி உமக்குத் தெரியாததா? அடுத்த ஞாயிறும் நீர் வரலன்னா உம்ம மேல நடவடிக்கை எடுக்கணும். நடவடிக்கையில இருக்கவன் மகளுக்கு நான் ஓலை வாசிக்க முடியாதுவே."

மடை திறந்த கதையைச் சொல்ல வாயெடுத்தார் அப்பாத்துரை. சொன்னால் சாட்சி யார்? பண்ணையாள் சொல்ல மாட்டான், அவனுக்கும் பிள்ளைகள் இருக்கின்றன. நாளைக்கு மகள் வாழப்போகிற வீட்டின் தாய்மாமன்மேல் இன்று கள்ளப்பழி போட்டான் என்றாகும். வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

வாசலிலேயே மூப்பர் எதிர்ப்பட்டார். "என்னவே, கலியாண வீட்டுக்காரர் மொகத்துல களையே இல்ல? மடைய அடைச்சிட்டுப் பேசாம கோயிலுக்கு வாரும். தண்ணியக் கர்த்தர் பாத்துக்கிடுவாரு" என்று சிரித்தார்.

அந்த ஆறு நாளும் அப்பாத்துரைக்குச் சோறு இறங்கவில்லை. கோயிலுக்குப் போனால் இசக்கித்தாய் வயல் போயிற்று. மடையில் நின்றால் மகள் வாழ்வு போயிற்று. இரண்டு பக்கமும் அடைத்துவிட்டு நடுவில் தன்னை நிறுத்திவிட்டார்களே என்று அழுகையாக வந்தது. மகளிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

மூன்றாம் ஞாயிறு. "நீ போம்மா, நான் பின்னால வாறேன்" என்று மகளை அனுப்பிவிட்டு மேல்மடைக்குப் போனார். அடைத்தார். முதல் மணி அடித்தது. கால் நகரவில்லை. பண்ணையாள் மண்வெட்டியோடு வந்து, எட்ட இருந்த வேப்பமரத்தடியில் குந்திக்கொண்டான். இரண்டாம் மணியும் அடித்தது. இனி ஓடினாலும் பிரயோசனமில்லை என்று தெரிந்தபின் அப்பாத்துரை துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஆராதனை முடியும் நேரமல்ல. ஆனால் வரப்பில் இன்பமணி வந்துகொண்டிருந்தாள். கோயிலுக்கு உடுத்திய வெள்ளைச் சேலை.

"என்னம்மா, அதுக்குள்ள முடிஞ்சிட்டா?"

"முடியலப்பா. ஐயர் ஓலைய எடுத்தாவ. பொண்ணுக்குத் தகப்பன் எங்கன்னு கேட்டாவ. நான் எந்திச்சு நின்னு சொல்லிட்டேன்."

"நீயா? சபையிலயா? என்னன்னு சொன்ன?"

"எங்கப்பா மடையில நிக்காவ, கோயில் மணி அடிச்சதும் மூப்பர் வயலுக்கு மடை தொறந்திருதுன்னு சொன்னேன்."

"மூப்பர்?"

"தலையக் குனிஞ்சுக்கிட்டாவ."

"மாப்பிள்ளை?"

"ஓலை கேக்க வந்திருந்தாவ. அவியளும்தான்."

கேட்கப் பயந்ததைக் கடைசியில்தான் கேட்டார். "ஓலை?"

"ஐயர் என்னையே பாத்தாவ. பெறவு மடிச்சு வச்சிட்டாவப்பா. வாசிக்கல." அதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது.

பெற்ற பெண்ணைப் பார்க்க முடியாமல் அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். தூரத்திலிருந்து இசக்கித்தாய் கணுக்கால் சேற்றோடு ஓடிவந்தாள். இங்கே நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது.

"தண்ணி வந்துட்டு அண்ணாச்சி! வயல் முழுக்க ஏறிட்டு! இன்னும் ஒரே ஒரு தண்ணி, கதிர் முத்திரும்." சொல்லிவிட்டு, வெள்ளைச் சேலையை அப்போதுதான் கவனித்தாள். "ஏம்மா, அடுத்த ஞாயிறு அப்பா கோயிலுக்குப் போயிருவாவளோ?"

இன்பமணி கண்ணைத் துடைத்துவிட்டு, மடையில் கசிந்துகொண்டிருந்த இடத்தில் ஒரு கை சேற்றை எடுத்து அப்பினாள்.

"இல்லக்கா. இங்கனதான் நிப்பாவ."