இடது கைக்கு இரண்டு கிளவுஸ்

பிள்ளைகளே, நாங்கள் இருக்கும் அந்தமானில் மார்கழி மாதம் சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். உங்கள் ஊரில் அந்நேரம்தான் பள்ளிக்கூடப் பையைப் போட்டுவிட்டு விளையாட ஓடுவீர்கள். இங்கே எங்கள் வீடு இருக்கும் ஜங்லிகாட் மேட்டில் அம்மாமார் வீட்டுக்கு வரச்சொல்லிக் கூப்பிட ஆரம்பித்திருப்பார்கள். இரண்டு இடத்திலும் கடிகாரம் ஒரே மணிதான் காட்டும், வெளிச்சம்தான் வேறு. அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து மோட்டார் காயில் கட்டும் வேலைக்கு வந்து பதினாறு வருஷமாகியும் எனக்கு இது பழகவில்லை. இங்கேயே பிறந்த என் மகள் தர்ஷினிக்கோ, உங்கள் ஊர் வெளிச்சம்தான் அதிசயமாக இருந்தது.

அவளுக்குப் பத்து வயதில் ரத்தத்தில் புற்றுநோய் என்றார்கள். மெயின்லேண்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். தமிழ்நாட்டையும் சேர்த்து அந்தக் கரை முழுவதற்கும் இங்கே அதுதான் பெயர். சென்னையில், வெளியூர்ப் பிள்ளைகள் பெற்றோரோடு தங்கிச் சிகிச்சை எடுக்க ஒரு தர்ம ஸ்தாபனம் நடத்தும் வீட்டில் எங்களுக்கு இடம் கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் பிறந்த எனக்கு அங்கே 'அந்தமான்காரர்' என்று பெயர். முதல் நாள் தர்ஷினி ஜன்னலைப் பார்த்து, "அப்பா, மணி ஆறாகப் போகுது, இங்க இன்னும் லைட்ட அணைக்கலயே! ரூமா வந்தா எவ்வளவு நேரம் விளையாடலாம்!" என்றாள். ரூமா எங்கள் அடுத்த வீட்டு வங்காளிப் பிள்ளை. போனில் தினமும் "கப் ஆயேகி?" என்று கேட்பாள், எப்போது வருவாய் என்று. "ஜல்தி" என்பாள் இவள், சீக்கிரம் என்று.

அந்த வீட்டுக்கு உதவுகிறவர்களில், அமெரிக்காவில் பேஸ்பால் ஆடுவதையே பிழைப்பாகக் கொண்ட சிலரும் உண்டு. பேஸ்பாலைக் கிரிக்கெட்டுக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் அவர்களில் நான்கு பேர் வந்து, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பந்தும் ஒரு தோல் கிளவுஸும் கொடுத்தார்கள். கிளவுஸ் தலையணை மாதிரி தடிமன். ஒன்றே ஒன்று. எங்கள் பட்டறையில் கிளவுஸ் என்றால் ஜோடிதான். இன்னொன்று பெட்டியில் தங்கிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மேடத்திடம் போய், "மேடம், வலது கைக்கு விட்டுப்போச்சு" என்றேன்.

"ஐயோ அப்பா, மானம் போகுது, சும்மா இருங்க!" என்றாள் தர்ஷினி.

மேடம் சிரித்துக்கொண்டே செம்பட்டைத் தாடிக்காரர் ஒருவரிடம் அதைச் சொன்னார். அவர் சிரிக்கவில்லை. என் எதிரில் வந்து, தன் வெறும் வலது கையை விரித்துக் காட்டினார். மேடம் தமிழில் சொன்னார்: "ஒரு கை பிடிக்கிறதுக்கு, ஒரு கை வீசுறதுக்கு. வீசுற கை வெறும் கையாத்தான் இருக்கணுமாம்."

தர்ஷினிக்கு அந்த வீசுகிற வலது கையில்தான் ஊசி குத்தியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவர் பக்கத்தில் வந்தார், இன்னும் பக்கத்தில் வந்தார், கடைசியில் அவள் கட்டிலை ஒட்டி மண்டி போட்டார். அவள் பந்தை வீசக்கூட இல்லை, அவர் கிளவுஸுக்குள் வைத்தாள். அவ்வளவு பெரிய மனிதர், குண்டு பட்டது போல மல்லாக்க விழுந்தார். "நடிக்கிறாருப்பா!" என்று சொல்லி அவள் இருமும்வரை சிரித்தாள். பிறகு, "ரூமாக்கு ஒண்ணு வேணும்னு சொல்லுங்க. அவ இல்லாம நான் யார்கூட ஆடுறது?" என்றாள். பெட்டி காலியாகிவிட்டது. அவர் தன் கையில் இருந்ததையே கழற்றிக் கொடுத்தார். அப்படித்தான் எங்களிடம் இரண்டு சேர்ந்தன. இரண்டுமே இடது கைக்கு.

'சரியாகிடும்மா, போய் ரூமாவோட விளையாடலாம்' என்று நான் தினமும் சொன்னேன். பொய் சொல்ல நினைக்கவில்லை, பிள்ளைகளே. எனக்கும் தெரியாது. இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் அவள் போய்விட்டாள். கடல் தாண்டிக் கொண்டுவரும் தெம்பு எங்களுக்கு இல்லை. என் அண்ணன் வண்டியோடு வந்தார். விடுமுறைக்கு மட்டும் அவள் பார்த்திருந்த என் ஊரில் புதைத்தோம். குழி ஓரத்தில் என் மனைவி செல்வி அந்தச் சின்ன கிளவுஸை எடுத்து, "இத அவகிட்டயே வச்சிருங்க" என்றாள். "பெருசு?" என்றேன். "அது ரூமாவோடது. நம்மளது இல்ல."

அங்கே பிறந்த நான் இங்கே இருக்கிறேன். இங்கே பிறந்த அவள் அங்கே இருக்கிறாள்.

இங்கே திரும்பி வந்து நான் கொடுத்த பெரிய கிளவுஸைக் கையில் வாங்கியதும் ரூமா, "தூஸ்ரா கஹாங் ஹை, அங்கிள்?" என்று கேட்டாள். இன்னொன்று எங்கே என்கிறாள். "தர்ஷினி கே பாஸ்" என்றேன், தர்ஷினியிடம் என்று. தலையை ஆட்டிவிட்டு, முழங்கை வரைக்கும் வரும் அதை மாட்டிக்கொண்டு மேட்டில் போய் நின்றாள்.

இப்போது பட்டறையை நாலரைக்கே சாத்திவிடுகிறேன். ரூமா வீசுவதை நான் வெறும் கையால் பிடிக்கிறேன். கெட்டிப் பந்து, உள்ளங்கை எரியும். ஐந்து மணிக்கு அவள் முகம் எனக்குத் தெரியாமல் போய்விடுகிறது. "ஔர் ஏக் பார், அங்கிள்!" என்று குரல் மட்டும் வரும், இன்னொரு தடவை என்று. இருட்டில் பிள்ளைமேல் வீசப் பயந்து நிற்கிறேன். தர்ஷினி இருக்கும் ஊரில் இன்னும் ஒரு மணி நேரம் வெளிச்சம் இருக்கும். அவளிடம் கிளவுஸ் இருக்கிறது. பந்துதான் இங்கே, என் கையில்.